காரைக்காலுக்கு ஒரு மரக்கொட்டகை

டன் கணக்கில் எடை போட்டு வாங்கினால் விறகு. கன அடியில் அளந்து வாங்கினால் பலகை. மரம் என்னவோ ஒன்றுதான். புயல் அடித்த மறுநாள் காலையில் காரைக்கால் தெருவில் விழுந்துகிடக்கும் வாகை எந்தக் கணக்கில் போகும் என்பது ஆசாரி கையிலும் இல்லை, மரவாடிக்காரர் கையிலும் இல்லை. மிஷின் ரம்பத்தோடு வந்து நிற்கும் தொழிலாளி கையில் இருக்கிறது. மின்கம்பியை விடுவிக்க வேண்டும், பஸ் போக வழி விட வேண்டும். அவருக்குச் சொன்ன வேலை அவ்வளவுதான். டிராக்டர் பெட்டியில் ஏற்றத் தோதாக மூன்றடி மூன்றடியாக அறுத்துத் தள்ளுகிறார். மூன்றடித் துண்டில் சாப்பாட்டு மேஜை வராது, கட்டில் வராது, கதவு நிலை வராது. அந்த நிமிடமே அது விறகாகிவிடுகிறது. பிறகு ஏலம், லாரி, செங்கல் சூளை.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஏழடிக்கு ஒன்றாக அறு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும், ஏழடி உருட்டுக்கட்டையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று அவர் திருப்பிக் கேட்டிருப்பார். இந்தக் கட்டுரையும் அதைத்தான் கேட்கிறது.

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. தெற்கே பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டியதுதான், பிள்ளையைப் போல வளர்த்த தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. விழுந்த தென்னையைப் போட்டு வைக்கவும் முடியாது, மட்கத் தொடங்கினால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி, நிற்கிற தென்னைக்குப் போகும். அதனால் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸை ஹையான் புயல் அடித்தபோது 3 கோடிக்கு மேற்பட்ட தென்னைகள் சேதமாயின. அங்கே தென்னையை அறுத்துப் பலகையாக்கும் பழக்கம் முன்பே இருந்தது. ஆகவே விழுந்த மரத்திலிருந்தே சட்டமும் பலகையும் எடுத்து, இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்ட முடிந்தது. புயலுக்குப் பிறகு கற்றுக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது.

காரைக்கால் சின்ன ஊர். சுமார் 160 சதுர கிலோமீட்டர், 2011 கணக்குப்படி 2 லட்சம் பேர், மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், தலைநகரமான புதுச்சேரியோ சாலை வழியாக 130 கிலோமீட்டருக்கு அப்பால். காடு கிடையாது. காடு இல்லாத ஊரில் மரவேலை பற்றி என்ன பேச்சு என்று தோன்றலாம். வாய்க்கால் கரை, வேலி, கோயில் குளம், பள்ளி வளாகம், சாலையோரம் என்று இந்த ஊரின் காடு சிதறிக் கிடக்கிறது. பூவரசு, வேம்பு, வாகை, தூங்குமூஞ்சி, புளி, இலுப்பை, பனை. புயல் கொஞ்சத்தைச் சாய்க்கிறது, சாலை அகலப்படுத்தும் வேலை கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது, வீடு கட்டுகிறவர்கள் கொஞ்சத்தை வெட்டுகிறார்கள். நிற்கிற மரத்தை மேஜைக்காக வெட்டச் சொல்லவில்லை. எப்படியும் விழுந்துவிட்ட மரத்தைப் பற்றித்தான் பேச்சு.

இதில் பூவரசு தனி. கிளையை ஒடித்து நட்டால் வேலியாகி நிற்கும், இலையைச் சுருட்டினால் பிள்ளைகளுக்குப் பீப்பியாகும், ஆட்டுக்குத் தழையாகும். டெல்டாவில் வளர்ந்த யாரும் இதற்கு மேல் அதை மதிப்பதில்லை. முற்றிய பூவரசின் உள்கட்டையை ஒருமுறை இழைத்துப் பார்க்க வேண்டும். மேலே இரண்டு விரல்கடை அகலத்துக்கு வெளுத்த மரம். ஆசாரிகள் அதை ‘வெள்ளை’ என்று ஒதுக்கிவிடுவார்கள். உள்ளே வைரம். கருஞ்சிவப்பும் பழுப்பும் கலந்து, நடுநடுவே புகைபடிந்தாற்போல வரி ஓடும். இழைப்புளி நகர நகரச் சுருளும் அதே நிறத்தில் விழும். நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்தால் ஈட்டி மரமோ என்று கேட்பார்கள். தண்ணீரில் கிடந்தாலும் சட்டென்று உளுத்துப்போகாது என்பதால் வண்டிக்கும் கலப்பைக்கும் படகுக்கும் முன்பு இதைத்தான் தேடினார்கள். பசிபிக் தீவுகளில் இதே மரத்துக்கு மிலோ என்று பெயர். ஹவாயில் இதில் கடைந்த கிண்ணங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். நாம் ஆட்டுக்குக் கட்டுகிறோம். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: பூவரசு நேராக வளராது, வயதானதில் நடுவே பொக்கு இருக்கலாம். பத்தடிப் பலகை கேட்டால் கிடைக்காது. ஸ்டூல், நாற்காலி, டீப்பாய், தட்டு, கைப்பிடி என்று மரத்துக்குத் தக்கபடி பொருளை யோசிக்க வேண்டும்.

வாகையை ஒரு காலத்தில் லண்டன் மரச்சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியன் வால்நட்’ என்று பெயர் மாற்றி விற்றார்கள். தூங்குமூஞ்சி நிழலுக்கு நட்ட மரம், வேகமாகப் பருக்கும், அடிமரம் மூன்று நான்கடி அகலம்கூட வரும். ஒற்றைப் பலகையில் மேஜை போட இதைவிட வசதியான மரம் இந்த ஊரில் கிடையாது. காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். தாய்லாந்திலும் ஹவாயிலும் ஈர மரத்திலேயே கிண்ணம் குடைவது இந்தக் குணத்தை நம்பித்தான். நம்மூரில் சூளைக்காரர்கள்கூட அதை விரும்புவதில்லை, சரியாக எரியாதாம்.

மரம் இருக்கிறது. ஆசாரி இருக்கிறாரா? இருக்கிறார், ஆனால் பிளைவுட் ஒட்டிக்கொண்டிருக்கிறார். சன்மைக்கா ஒட்டுவதில் தினக்கூலி நிச்சயம். வாடிக்கையாளர் போனில் ஒரு படத்தைக் காட்டுகிறார், பத்து நாளில் அலமாரி வேண்டும் என்கிறார், முன்பணம் தருகிறார். ஈரப் பூவரசை நம்பி அந்த வாக்கைக் கொடுக்க முடியாது. காரைக்கால் ஆசாரி ஒருவர் என்னிடம் சொன்னது இது: “வேலை மறக்கலீங்க. மரமும் வருது. அதை ஒரு வருஷம் போட்டு வெக்க எடமும் இல்ல, போட்டு வெக்கிற வரைக்கும் சாப்பிட வழியும் இல்ல.” இந்தத் தொழிலைப் பற்றி நான் கேட்ட பேச்சிலேயே சுருக்கமானதும் சரியானதும் இதுதான். பயிற்சி முகாம் நடத்துகிறோம், கைவினைஞர் அட்டை தருகிறோம், கண்காட்சியில் ஸ்டால் போடுகிறோம் என்று வருகிற திட்டங்கள் எதுவும் அவர் சொன்ன இடத்தைத் தொடுவதில்லை.

வெட்டிய மரத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர். அந்த ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். முறுக்குவதும் வெடிப்பதும் அப்போதுதான். கடலோர வீட்டுக்குள் வந்தபின் 12-இலிருந்து 15 சதவீதத்துக்குள் நிற்கும். அதற்கு முன்னால் மேஜையாக்கிவிட்டால் மேஜையான பிறகு சுருங்கும். மூட்டு கழன்று ஆடும், இழுப்பறை ஒரு மழைக்காலத்தில் இறுகி, கோடையில் தானாக விழும். ஏசி ஹாலுக்குப் போகிற மேஜை என்றால் இன்னும் மோசம். நம் ஊரில் இன்னொரு சிக்கல், மரம் விழும் மாதமும் காயும் மாதமும் ஒத்துப்போவதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல். அந்தக் காலத்தில்தான் காற்றெல்லாம் ஈரம். கார்த்திகையில் விழுந்த கட்டையை உடனே அறுக்காமல் மழையில் போட்டால் பூஞ்சை ஏறி நீலம் பாரிக்கும், வெள்ளையில் பூச்சி விழும். ஆகவே மூன்று நான்கு வாரத்துக்குள் அறுத்தாக வேண்டும். அறுத்த பலகையைப் போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் முக்கி, இரு முனையிலும் பெயின்ட் அடித்து, நடுநடுவே குச்சி கொடுத்து, கூரைக்குக் கீழே அடுக்கிவிட வேண்டும். தை பிறந்த பிறகு காற்று பார்த்துக்கொள்ளும். ஒரு அங்குலப் பலகைக்குப் பல மாதம், இரண்டு அங்குலத்துக்கு ஒரு வருடத்துக்கும் மேல்.

இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. வேண்டியது ஒரு கொட்டகை, ஒரு சாமில், எழுதிவைக்க ஒரு நோட்டு. பாலித்தீன் கூரையும் மின்விசிறியும் வைத்து வெயிலிலேயே மரத்தை உலர்த்தும் சூரிய உலர்த்திகளை டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் எப்போதோ வடிவமைத்துவிட்டது. திருவேட்டக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, செருமாவிலங்கையில் வேளாண் கல்லூரி இருக்கிறது. ஒன்று உலர்த்தியைக் கட்டலாம், மற்றொன்று பூச்சியைப் பார்க்கலாம். இவ்வளவு சின்ன ஊருக்குள் இவ்வளவு படிப்பு குவிந்திருப்பதே அபூர்வம். அதைப் பயன்படுத்திக்கொள்ளாதது அதைவிட அபூர்வம்.

இன்னொரு வகை மரத்துக்கு இந்தக் காத்திருப்பே தேவையில்லை. அது நூறு வருடமாக வீட்டுக்குள் காய்ந்துகொண்டிருக்கிறது.

1739-இல் தஞ்சை மராட்டியர் கையிலிருந்து பிரெஞ்சுக்காரர்களிடம் போன ஊர் காரைக்கால். இடையிடையே பிரிட்டிஷார் பிடித்தாலும் 1954 வரை பிரெஞ்சுக்காரர்களோடுதான் இருந்தது. சைகோன், ரங்கூன், பினாங்கு என்று போய்வந்த குடும்பங்கள் கட்டிய வீடுகளில் தேக்கு உத்திரம், தேக்குத் தூண், தேக்குக் கதவு. மெட்ராஸ் டெரஸ் தளத்தில் உத்திரத்துக்கு மேல் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அதன்மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கியிருப்பார்கள். ஒரு நடுத்தர வீட்டை இடித்தாலே கட்டை கட்டையாக இறங்கும். கிராமத்து வீடுகளில் பத்தாயம். நெல் அறுவடையானதும் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு பத்தாயத்துக்கு வேலையில்லை; எலி குடியிருக்கிறது, பழைய துணி கிடக்கிறது. அடுக்கடுக்காக ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டியைப் பிரித்தால் அகலமான, முறுக்கில்லாத பலகைகள் வரும். நெல்லோடு நெல்லாகப் புழங்கி உட்பக்கம் வழுவழுவென்றிருக்கும். அந்தப் பக்கத்தை மேலே வைத்து மேஜை செய்தால் இழைக்கவே வேண்டாம். இழைப்பது பாவம் என்றுகூடச் சொல்வேன்.

பழைய உத்திரத்தில் ஆசாரி முதலில் தேடுவது ஆணியை. கையால் தடவுவார், காந்தம் வைத்துப் பார்ப்பார், சந்தேகமான இடத்தில் உளியால் கொத்திப் பார்ப்பார். துரு ஊறிய இடத்தில் தேக்கு மைபோலக் கறுத்திருக்கும். பட்டறையில் அடித்த சதுர ஆணி தலை ஒடிந்து உள்ளேயே நின்றிருந்தால், சுற்றிக் குடைந்துதான் எடுக்க வேண்டும். ஒரு ஆணி தப்பினால் சாமிலில் வாள் போச்சு; அதனாலேயே பல சாமில்காரர்கள் பழைய கட்டையைத் தொடமாட்டார்கள். ஆணி எடுத்த மரத்தை அறுத்தால் முதல் பலகை விழும்போதே அந்த எண்ணெய் வாசனை பட்டறை முழுக்க நிறையும். நூறு வருடம் ஆகியும் போகாத வாசனை.

பழைய வீட்டு மரத்தின் அருமையை டெல்டாவுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை இருக்கிறது. அங்கே நாகஸ்வரம் செய்யும் ஆசாரிகள் புதிதாக வெட்டிய ஆச்சா மரத்தில் கைவைப்பதில்லை. எங்கே பழைய வீடு இடிக்கிறார்கள் என்று விசாரித்துப் போய், உத்திரத்தையும் தூணையும் வாங்கிவந்து கடைகிறார்கள். ஈரம் முழுக்கப் போன கட்டையில்தான் துளை கோணாது, சுருதி நிற்கும். நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி உருவாக்கிய பாரி நாகஸ்வரம் அந்த ஊர்ப் பட்டறையில் பிறந்தது. 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மங்கல வாத்தியத்துக்கே இடித்த வீட்டு மரம் ஆகும் என்கிறபோது, இடித்த வீட்டுக் கட்டையில் செய்த கட்டில் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லும் வாஸ்துக்காரர்களை என்ன செய்வது?

இங்கே ஒரு நிஜமான ஆட்சேபம் இருக்கிறது, அதை நான் லேசாகத் தாண்டிப் போகப் போவதில்லை. பழைய மரத்துக்கு விலை ஏற ஏற, பழைய வீட்டை இடிக்க ஆசை வரும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: செட்டிநாட்டு வீடுகளின் தூணும் நிலையும் கதவும் அங்கே அடுக்கி நிற்கின்றன. ரசனையோடு வாங்கிப்போகிறார்கள், வெளிநாட்டு ஓட்டல்களில் நிறுத்துகிறார்கள். அந்தத் தெருவின் ஒவ்வொரு தூணுக்கும் எங்கோ ஒரு வீட்டில் கூரை இறங்கியிருக்கிறது. 2014 ஏப்ரல் முதல் மியான்மர் தேக்கு உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திய பிறகு இந்த ஆசைக்கு இன்னும் தீனி. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா வேறு வழியைக் காட்டியது: இடிபடப்போகும் வீட்டை முழுசாகப் பிரித்து, எண் போட்டு, அப்படியே திரும்ப நிறுத்துவது. எல்லா வீட்டுக்கும் அது முடியாது. என் கட்சி இதுதான்: நிற்கக்கூடிய வீடு நிற்கட்டும், அதன் தூணை மேஜைக்காலாக்குகிறவன் மரவேலைக்காரன் இல்லை. ஏற்கெனவே இடிந்த வீடு, காலியான பத்தாயம், புயலில் விழுந்த மரம், இவை மூன்றும் போதும். இதற்காகவும் கொட்டகை வேண்டும். எங்கிருந்து வந்த மரம், எப்போது வந்தது என்று கட்டையிலேயே எண் போட்டு நோட்டில் எழுதிவிட்டால், திருட்டுத் தூண் அதற்குள் நுழைவது கடினம்.

அழகான பழைய மரமெல்லாம் வீட்டுக்கு ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ரயில் சிலீப்பர் கட்டை பார்க்கக் கம்பீரம். கிரியோசோட் எண்ணெயில் ஊறியது, படுக்கையறைக்குள் கூடாது. தொழிற்சாலைகளில் மலிவாகக் கிடைக்கும் பைன் பெட்டிகளில் ‘எச்.டி.’ முத்திரை இருந்தால் சூடாக்கிப் பூச்சி நீக்கியது, எடுக்கலாம், ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடலாம். சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி மரப் படகுகள் ஒதுங்கின. அந்தப் பலகையில் பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். தொட்டிலுக்கு வேண்டாம்.

புதுச்சேரிக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய ஒரு தச்சர் உண்டு. ஜார்ஜ் நாகஷிமா. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர், படித்தது கட்டடக்கலை. கட்டடக்கலைஞர் ஆன்டனின் ரேமண்டின் ஆளாக 1930-களின் பிற்பகுதியில் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி கட்டும் வேலையைப் பார்த்தார். சுந்தரானந்தா என்று அங்கே பெயர் பெற்றார். விடுதியின் தேக்கு மேஜை நாற்காலிகளையும் அவரே வடிவமைத்தார். போர்க்காலத்தில் அமெரிக்கா தன் சொந்த ஜப்பானியக் குடிமக்களை முகாமில் அடைத்தபோது, ஐடஹோ முகாமில் ஒரு ஜப்பானியத் தச்சரோடு சேர்ந்து கிடைத்த துண்டு மரங்களில் வேலை செய்தார். வெளியே வந்தபின் பென்சில்வேனியாவில் பட்டறை போட்டார். நல்ல மரம் வாங்கக் கையில் பணமில்லை. மற்றவர்கள் ஒதுக்கிய, வெடித்த, கணு விழுந்த, ஓரம் ஒழுங்கில்லாத பலகைகளை எடுத்தார். வெடிப்பை மறைக்காமல், அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு கட்டையைப் பதித்து நிறுத்தினார். அந்த மேஜைகள்தான் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நம் தூங்குமூஞ்சியும் பூவரசும் எப்படிப்பட்டவையோ அப்படிப்பட்ட மரங்களுக்கென்றே பிறந்த வேலைமுறை இது. கோல்கொண்டின் நாற்காலிகளைப் பார்க்கக் காரைக்கால் ஆசாரிகளை ஒரு நாள் பஸ் வைத்துக் கூட்டிப்போனால் நாலு மணி நேரப் பயணம்.

ஆக, கொட்டகை யாருடையது? தனியார் ஒருவர் தொடங்கினால் நல்லதுதான், ஆனால் முதல் இரண்டு வருடம் பணம் முடங்கும். வட்டிக்கு வாங்கியவர் தாங்கமாட்டார். சாலையோர மரமும் அரசுக் கட்டட மரமும் ஏற்கெனவே பொதுச் சொத்து. அதை ஏலத்தில் விட்டால் வரும் தொகை சொற்பம். அந்த ஏலத்தை மட்டும் நிறுத்தி, நகராட்சியும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் சேர்ந்து ஓர் இடத்தில் மரத்தைச் சேர்த்து, அறுத்து, உலர்த்தி, ஊர் ஆசாரிகளுக்கு ஒற்றைப் பலகையாகவும் கன அடிக் கணக்கிலும் விற்கலாம். பலகை விற்ற பணத்தில் கொட்டகை நடக்க வேண்டும். மானியத்தில் நடந்தால் மூன்றாம் வருடம் பூட்டிவிடுவார்கள், நாம் பார்க்காததா. ஆசாரி காய்ந்த மரத்தை இன்று வாங்கி, பத்து நாளில் மேஜையைக் கொடுத்துவிடலாம். அவர் கேட்டதும் அவ்வளவுதான்.

வாங்குகிறவர்கள் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டுக்கேற்ற அளவில் செய்துதரும் சாமான் கடைச் சாமானைவிட விலை கூடத்தான் இருக்கும். பலகைக்குப் பலகை நிறம் மாறும், ஆணித் தழும்பு தெரியும். கண்ணாடிபோல வழவழவென்று கேட்கிறவர்கள் சன்மைக்காவே வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் பத்து வருடத்தில் உப்புக் காற்றில் ஊறி, ஓரம் பிரிந்து, குப்பைக்குப் போகும் எம்.டி.எஃப். அலமாரியை யாரும் பழுது பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. பூவரசு நாற்காலியின் கால் உடைந்தால் வேறு கால் போடலாம்.

முதல் பெரிய வாடிக்கையாளர் அரசாகத்தான் இருக்க முடியும். பள்ளிக்குப் பெஞ்சு, நூலகத்துக்கு மேஜை, மருத்துவமனை வராந்தாவில் உட்கார நீள இருக்கை என்று எதையாவது வாங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அந்த டெண்டரில் எந்த மரம் என்று குறிக்கும் இடத்தில் ‘வைரம் பாய்ந்த, உலர்ந்த பூவரசு, வாகை, வேம்பு அல்லது பழைய தேக்கு, ஈரப்பதம் 15 சதவீதத்துக்குள்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், காரைக்கால் ஆசாரி முதல்முறையாக அந்த விண்ணப்பத்தில் விலை எழுத முடியும்.